வீட்டு விலை சரிந்தால் சொத்து வரி தானாகக் குறையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிபோர்னியாவில் 2022 தொடக்கத்தில், விலை உச்சியில் நின்ற மாதங்களில் வீடு வாங்கியவர்களில் நம்மவர்களும் கணிசம். அந்த ஆண்டு ஜனவரியில் 30 ஆண்டு வீட்டுக் கடனின் வட்டி 3 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்தது. அக்டோபர் கடைசியில் 7 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. வாங்க வந்தவர்கள் ஒதுங்கினார்கள், விலை இறங்கியது. ஆனால் அடுத்த ஆண்டு வந்த வரி பில்லில் வீட்டின் மதிப்பு 2 சதவீதம் கூடியிருந்தது. "விலை இறங்கிக் கிடக்கிறது, வரி மட்டும் ஏறுவது என்ன நியாயம்?" என்ற கேள்வி அப்போது எழுந்தது, விலை சரியும் ஒவ்வொரு முறையும் எழுகிறது. கேள்வி சரியானதுதான். அதற்கான பரிகாரம் 1978 முதலே சட்டத்தில் இருக்கிறது. அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று தெரியாமலே பலர் ஆண்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் டாலரைக் கூடுதலாகக் கட்டிவிடுகிறார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

1978 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு, வீட்டை வாங்கிய விலையையே அடிப்படை மதிப்பாக்கியது. பணவீக்கத்துக்காக அது ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம் மட்டுமே கூடலாம். அடிப்படை வரி விகிதம் 1 சதவீதம். உள்ளூர் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன் பத்திரங்களுக்கான விகிதம் அதன்மேல் சேரும். வீடு கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோதான் மறுமதிப்பீடு. விலை ஏறும்போது வீட்டுக்காரருக்கு இது கவசம். விலை இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதில் தெளிவான வழி இல்லை. அதே ஆண்டு நவம்பரில் வந்த 8ஆம் முன்மொழிவு அந்தக் குறையைச் சரிசெய்தது. ஜனவரி 1 அன்று வீட்டின் சந்தை மதிப்பு எவ்வளவு, அடிப்படை மதிப்போடு ஆண்டுதோறும் 2 சதவீதம் வரை சேர்த்துவந்த தொகை எவ்வளவு, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் வரி. இந்தக் கடிதத்தில் பின்னே வருவதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான்.

எல்லோருக்கும் இது உதவாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1998இல் 4 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு 18 லட்சத்திலிருந்து 15 லட்சத்துக்கு இறங்கினால், 3 லட்சம் போய்விட்டது என்று மனம் அடித்துக்கொள்ளும். வரியில் ஒரு காசு குறையாது. அந்த வீட்டின் வரிக்கான மதிப்பு இன்றும் 7 லட்சத்தைத் தாண்டியிருக்காது. 15 லட்சம் அதைவிடப் பெரிய தொகைதானே. விலை உச்சியில் வாங்கியவர்களுக்கும், வாங்கிச் சில ஆண்டுகளே ஆனவர்களுக்கும்தான் இந்த வழி. பில்லைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டிய எண் நிலம், கட்டடம் இரண்டும் சேர்ந்த மொத்த மதிப்பு. ஜனவரி 1 அன்று அந்த விலைக்கு வீட்டை விற்றிருக்க முடியுமா? முடியும் என்றால் அங்கேயே விட்டுவிடலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2022 ஏப்ரலில் 16,00,000 டாலருக்கு வாங்கிய வீடு என்று வைத்துக்கொள்வோம். 2023 ஜனவரி 1 அன்று 2 சதவீதம் சேர்ந்து அடிப்படை மதிப்பு 16,32,000. அன்றைய சந்தை மதிப்பு 14,00,000 என்று நிறுவ முடிந்தால் வித்தியாசம் 2,32,000. கடன் பத்திரங்களையும் சேர்த்து விகிதம் 1.2 சதவீதமாக இருக்கும் ஊரில் அந்த ஓர் ஆண்டில் மட்டும் 2,784 டாலர் மிச்சம். ஒரு மாத வீட்டுத் தவணையின் நல்ல பங்கு அது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மதிப்பைக் குறைக்கக் கேட்டுத் தோற்கும் மனுக்களில் பெரும்பாலானவை சான்றில்தான் தோற்கின்றன.

முதல் தவறு, நாளைத் தவறவிடுவது. பில் கைக்கு வருவது அக்டோபரில். அப்போது சந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மனு எழுதுகிறார்கள். அக்டோபர் விலைக்கும் அந்த பில்லுக்கும் சம்பந்தமே இல்லை. கேள்வி ஜனவரி 1 பற்றியது. ஒப்பீட்டுக்குக் காட்டும் விற்பனைகள் அந்த நாளுக்கு முன்பு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பின்பு என்றால் மார்ச் 31 வரைதான். பக்கத்து வீடு ஏப்ரல் 12இல் உங்கள் மதிப்பைவிட 2 லட்சம் குறைவாக விற்றிருந்தாலும் அந்த ஆண்டுக்கு அது சான்று ஆகாது. அடுத்த ஆண்டு மனுவுக்காக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு நுணுக்கம். பத்திரம் முடியும் நாளும் விலை பேசி முடித்த நாளும் வேறு வேறு. ஜனவரி 20இல் பத்திரம் முடிந்த வீட்டுக்குப் பெரும்பாலும் டிசம்பரிலேயே விலை முடிவாகியிருக்கும். ஆகவே ஜனவரியிலும் பிப்ரவரியிலும் முடிந்த விற்பனைகள்தான் ஜனவரி 1 நிலவரத்தை மிகச் சரியாகக் காட்டும். நவம்பர் நடுவில் முடிந்த விற்பனை அக்டோபர் விலையைச் சொல்கிறது. சரிந்துகொண்டிருக்கும் சந்தையில் அதை அப்படியே காட்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இரண்டாவது தவறு, இணையதளங்கள் தானியங்கியாகப் போட்டுத் தரும் மதிப்பை அச்செடுத்து மனுவோடு இணைப்பது. வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு கணினி சொல்லும் எண் அது. எப்படி வந்தது என்று கேட்டால் விளக்க யாரும் இல்லை. வரிக்கான மதிப்பைப் போடும் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மதிப்பீட்டாளர் அலுவலகமும், அந்த மதிப்பை எதிர்க்கும் மனுக்களை விசாரிக்கும் மேல்முறையீட்டு வாரியமும் அதைச் சான்றாக எடுப்பதில்லை. "எங்கள் பகுதியில் விலை 12 சதவீதம் இறங்கியது" என்ற செய்தித்தாள் கத்தரிப்பும் அதே ரகம். பகுதியின் சராசரியை வைத்து உங்கள் வீட்டின் விலையைச் சொல்ல முடியாது. கடனை மாற்றும்போது வங்கிக்காகச் செய்த மதிப்பீடு ஓரளவு உதவும்; ஆனால் அது எந்தத் தேதிக்கு மதிப்பிட்டது என்று பார்க்க வேண்டும். ஜூலைக்குச் செய்த அறிக்கை ஜனவரி 1க்குப் பேசாது. அறிக்கை எழுதியவர் விசாரணைக்கு வந்து பதில் சொல்லாவிட்டால் அதன் எடையும் குறைந்துவிடும்.

எடுபடுவது, உண்மையில் விற்ற மூன்று வீடுகள். அதிகம் வேண்டாம், பத்து வீடுகளை அள்ளிக் கொடுத்தால் அதில் உங்களுக்கு எதிராக இருக்கும் இரண்டைத்தான் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். அதே குடியிருப்பு, அதே கட்டுமானக் காலம், பரப்பளவில் பெரிய வித்தியாசம் இல்லாதவை, அதே பள்ளி எல்லை. உறவினருக்குள் கைமாறிய வீடு கூடாது. சந்தைக்கே வராமல் முடிந்த பேரமும் பலவீனமானது. கைமாறிய வீடுகளின் பட்டியல் மதிப்பீட்டாளர் அலுவலகத்திலேயே இருக்கிறது, பார்க்கலாம்.

மூன்று வீடுகளும் உங்கள் வீட்டைப் போலவே இருக்கப் போவதில்லை. ஒவ்வொன்றின் விலையையும் கூட்டிக் கழித்து உங்கள் வீட்டின் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இங்கேதான் பலர் திசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். திருத்தம் செய்ய வேண்டியது விற்ற வீட்டின் விலையில். விற்ற வீடு உங்கள் வீட்டைவிட மேலானது என்றால் அதன் விலையிலிருந்து கழிக்க வேண்டும். தாழ்ந்தது என்றால் கூட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் முழுக் கணக்கும் தவறி, கொடுத்தவரின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

மேலே சொன்ன வீட்டையே எடுப்போம். 1,850 சதுர அடி, வாகனம் ஓயாத சாலையை ஒட்டியது, சமையலறை பழையது. முதல் ஒப்பீடு, பிப்ரவரி 10இல் 13,60,000க்கு விற்ற 1,720 சதுர அடி வீடு. அதே சாலை, அதே பழைய சமையலறை. 130 சதுர அடி சிறியது என்பதால் கூட்ட வேண்டும். எவ்வளவு? 13,60,000ஐ 1,720ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 790 டாலர் வருகிறது. அதை அப்படியே 130ஆல் பெருக்கக் கூடாது. அந்த 790க்குள் மனையின் விலை, கூரை, சமையலறை, குளியலறை எல்லாம் அடங்கியிருக்கின்றன. அறை கொஞ்சம் நீளமானதால் மனை நீளவில்லையே. கூடுதல் பரப்புக்கு சதுர அடிக்கு 300 டாலர் என்று வைத்தால் 39,000 கூடி, 13,99,000. இரண்டாவது, ஜனவரி 20இல் 14,75,000க்கு விற்ற 1,900 சதுர அடி வீடு. 50 சதுர அடி பெரியது, கழிவு 15,000. சமையலறையும் குளியலறைகளும் புதுப்பித்தவை, கழிவு 40,000. உள் தெருவில் அமைதியான இடம், கழிவு 25,000. மொத்தம் 80,000 போக 13,95,000. மூன்றாவது, நவம்பர் 15இல் 14,30,000க்கு விற்ற அதே அளவு, அதே மாதிரி வீடு. அக்டோபரில் பேசிய விலை. ஜனவரிக்குள் சந்தை இறங்கியதற்காக 1.5 சதவீதம் கழித்தால் 14,08,550. மூன்றும் 13,95,000க்கும் 14,08,550க்கும் இடையில் வந்து நிற்கின்றன. அதனால்தான் கேட்கும் மதிப்பு 14,00,000. இப்படி ஒரே பக்கத்தில் அட்டவணையாகக் கொடுத்தால் எதிரில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார்.

300, 40,000, 25,000 என்பவை எடுத்துக்காட்டுக்கான எண்கள். உங்கள் பகுதிக்கானவற்றை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு வீடுகள், ஒன்று சாலையோரம், மற்றது உள்ளே, அடுத்தடுத்த வாரங்களில் விற்றிருந்தால் அவற்றின் விலை வித்தியாசமே சாலையோரக் கழிவு. இப்படி ஒரு ஜோடி கிடைத்தாலும் போதும், எண் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்கும். புதுப்பித்ததைக் காட்ட, விற்பனை விளம்பரத்தில் வந்த படங்களைச் சேமித்து வையுங்கள். விற்ற சில மாதங்களில் அவை மறைந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மதிப்பீட்டாளர் பதிவேட்டில் உங்கள் வீட்டின் பரப்பளவு, படுக்கையறை எண்ணிக்கை என்ன என்று மனுவுக்கு முன்பே பாருங்கள். கூடுதலாக எழுதியிருந்தால் அந்தத் தவறைச் சுட்டிக்காட்டுவதே பாதி வெற்றி. குறைவாக எழுதியிருந்தால், குறிப்பாக அனுமதி வாங்காமல் ஓர் அறையைச் சேர்த்திருந்தால், மனு அந்த அறையின்மேல் வெளிச்சம் போடும். விட்டுப்போன ஆண்டுகளுக்கும் சேர்த்து வரி வரலாம்.

மனுவுக்குக் கதவுகள் இரண்டு. மதிப்பீட்டாளர் அலுவலகத்திடம் மறுபரிசீலனை கேட்பது ஒன்று. கட்டணம் இல்லை, படிவமும் சிறியது. எப்போது வரை கேட்கலாம் என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும். அங்கே முடிந்துவிட்டால் நல்லது. மற்றது மேல்முறையீட்டு வாரியத்துக்கு முறைப்படி மனு. இது ஜூலை 2 அன்று திறக்கிறது. கவுண்டியில் உள்ள எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஆகஸ்ட் 1க்குள் மதிப்பு அறிவிப்பு அனுப்பும் கவுண்டிகளில் செப்டம்பர் 15 கடைசி நாள்; அனுப்பாத கவுண்டிகளில் நவம்பர் 30. சாந்தா கிளாரா, அலமேடா இரண்டும் செப்டம்பர் 15 கணக்கில் வருபவை; லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ நவம்பர் 30. எதற்கும் அந்தந்த ஆண்டின் தேதியை வாரியத்தின் எழுத்தரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில்தான். ஆகஸ்டில் மறுபரிசீலனை கேட்டுவிட்டு, பதில் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். பதில் அக்டோபரில் வருகிறது: குறைக்க இயலாது. அதற்குள் செப்டம்பர் 15 போய்விட்டது. மறுபரிசீலனை கேட்டதால் மேல்முறையீட்டின் கெடு நீளாது. செப்டம்பர் 15 கெடு உள்ள சான் ஹோசேயிலும் ஃப்ரீமாண்டிலும் இருப்பவர்களுக்கு வரி பில்லே கெடு முடிந்த பிறகுதான் வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவர்கள் பார்க்க வேண்டியது கோடையில் வரும் அந்த மதிப்பு அறிவிப்பு. விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டால் அந்த ஆண்டு போயிற்று. இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் தட்டுவதில் தவறில்லை. அலுவலகம் குறைத்துவிட்டால் மேல்முறையீட்டைத் திரும்பப் பெறலாம்.

மேல்முறையீட்டுப் படிவத்தில் காலியாக விடக் கூடாத கட்டம், "உங்கள் கருத்தில் மதிப்பு என்ன" என்பது. "நியாயமான மதிப்பு" என்று எழுதினால் போதாது, எண் வேண்டும். காரணம் கேட்கும் இடத்தில் மதிப்புச் சரிவு என்பதைக் குறிக்க வேண்டும். வாங்கிய விலையே தவறாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது வேறு காரணம், வேறு கட்டம். இந்த மனுவையே வரி திரும்பக் கோரும் மனுவாகவும் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கேள்வி இருக்கும். ஆம் என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் அதற்குத் தனியாக ஒரு மனு போட வேண்டியிருக்கும். சில கவுண்டிகளில் சிறு கட்டணம் உண்டு. தபாலில் அனுப்பினால் கடைசி நாளுக்குள் முத்திரை விழுந்திருக்க வேண்டும்.

மனு நிலுவையில் இருக்கிறது என்று வரியைக் கட்டாமல் இருக்கவே கூடாது. முதல் தவணை டிசம்பர் 10க்குள், இரண்டாவது ஏப்ரல் 10க்குள். தவறினால் 10 சதவீத அபராதம். வழக்கில் வென்றாலும் அந்தத் தாமதத்துக்குச் சலுகை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பில் தொகையை முழுதாகக் கட்டுங்கள், வென்றால் திரும்ப வரும். வங்கியே வரியைக் கட்டுகிறது என்றால், குறைந்த மதிப்பு பதிவான பிறகு வங்கியிடம் சொல்லி மாதத் தவணையின் வரிப் பங்கை மறுகணக்கிடச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் பழைய தொகையையே சில மாதங்கள் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

வாரியம் முடிவு சொல்ல இரண்டு ஆண்டு வரை ஆகலாம். அதற்குள் அடுத்த ஜனவரி 1 வந்துவிடும். அந்த ஆண்டும் மதிப்பு கூடுதலாக இருந்தால் அதற்குத் தனி மனு போட வேண்டும். பழைய மனு புதிய ஆண்டையும் காப்பாற்றும் என்பது தவறான நம்பிக்கை. பெரும்பாலான வீட்டு மனுக்கள் விசாரணை வரை போவதில்லை. அதற்கு முன்பே மதிப்பீட்டாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்து, ஓர் எண்ணைச் சொல்லி, ஒப்புதல் கையெழுத்து கேட்பார். உங்கள் அட்டவணை கையில் இருந்தால் அந்த எண் நியாயமா என்று உடனே தெரியும். விசாரணைக்குப் போனால், நீங்களே குடியிருக்கும் தனி வீட்டுக்கு, சட்டப்படி கொடுக்க வேண்டிய தகவல்களைக் கொடுத்திருந்தால், நிரூபிக்கும் பொறுப்பு மதிப்பீட்டாளருடையது. வாடகைக்கு விட்ட வீடு என்றால் அந்தச் சலுகை இல்லை, பொறுப்பு உங்கள் தலையில். புது வீட்டுக்கு மாறிய பின் பழையதை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. சான்றுகளை விசாரணைக்கு முன்பே பரிமாறிக்கொள்ளக் கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால், அதில் உள்ள கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள். பிந்தினால் நல்ல சான்றையும் வாரியம் ஏற்காமல் போகலாம். வாரியத்துக்கு மதிப்பைக் குறைக்க மட்டுமல்ல, கூட்டவும் அதிகாரம் உண்டு. கைக்கு வந்த எண்ணை எழுதிப் பார்ப்போம் என்று போகிறவர்கள் கவனிக்க.

குறைந்த மதிப்பு நிரந்தரம் என்று நினைத்து, பின்னால் அதிர்ச்சி அடைபவர்கள் ஏராளம். இது அந்தந்த ஆண்டுக்கானது. ஒருமுறை குறைத்த வீட்டை மதிப்பீட்டாளர் ஒவ்வொரு ஜனவரி 1க்கும் மறுபடி மதிப்பிட்டாக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 2024இல் சந்தை மதிப்பு 15,20,000 ஆனால், வரிக்கான மதிப்பும் 14,00,000லிருந்து அங்கே போகும். ஏற்றம் 8.5 சதவீதத்துக்கும் மேல். "2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாதே" என்ற வாதம் இங்கே நிற்காது. அந்த 2 சதவீத வரம்பு அடிப்படை மதிப்புக்குத்தான். அது அந்த ஆண்டு 16,64,640க்கு வந்திருக்கும். 2025இல் சந்தை 17,50,000க்குப் போனாலும் வரிக்கான மதிப்பு 16,97,933ஐத் தாண்டாது. அதுதான் உச்சவரம்பு. 2008 சரிவில் ஸ்டாக்டன், மெர்செட் பக்கங்களில் விலை பாதிக்கும் கீழே போனபோது குறைந்த வரிகள், சந்தை மீண்டபோது இப்படித்தான் சரசரவென்று ஏறின. எல்லாம் சட்டப்படிதான். ஏற்றம் வரும் என்று தெரிந்து, மிச்சமான பணத்தில் கொஞ்சத்தை ஒதுக்கி வைப்பது நல்லது.

பில்லில் எல்லா வரியும் மதிப்போடு சேர்ந்து இறங்காது என்பதையும் சொல்ல வேண்டும். புதிய குடியிருப்புகளில் சாலை, பூங்கா, பள்ளிக்காக விதிக்கும் மெல்லோ ரூஸ் வரியும், மனைக்கு இவ்வளவு என்று விதிக்கும் வரிகளும் வீட்டு விலையைப் பார்ப்பதில்லை. கலிபோர்னியாவின் அர்வைனிலும் டப்ளினிலும் புது வீடு வாங்கியவர்களின் பில்லில் இவை சில ஆயிரம் டாலர் இருக்கும். மதிப்பு குறைந்தும் பில் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்றால் காரணம் இதுதான்.

வீடு வாங்கியபின் இடையில் வரும் துணை பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய உரிமையாளரின் மதிப்புக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கான வரி அது. அதை எதிர்க்க அறிவிப்பு நாளிலிருந்து 60 நாள். ஆனால் அங்கே கேள்வி, நீங்கள் வாங்கிய நாளில் வீட்டின் மதிப்பு என்ன என்பது மட்டுமே. பின்னால் விலை இறங்கியதை அந்த மனுவில் எழுதிப் பயனில்லை. அதேபோல் தீயிலோ வெள்ளத்திலோ வீடு சேதமானால், சேதம் 10,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால், 12 மாதத்துக்குள் தனியாக ஒரு கோரிக்கை வைக்கலாம். அதற்கு ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

டெக்சாஸில் இருக்கும் வாசகர்கள் இந்தத் தேதிகளை எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே மதிப்பு ஆண்டுதோறும் சந்தையைப் பார்த்தே போடப்படுகிறது. மே 15, அல்லது அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அதுவே கெடு. குடியிருக்கும் வீட்டுக்கு 10 சதவீத ஏற்ற வரம்பு இருப்பதால், சந்தை இறங்கிய ஆண்டிலும் வரிக்கான மதிப்பு ஏறலாம்: முந்தைய ஆண்டுகளில் வரம்பால் நிறுத்தி வைத்த ஏற்றம் அப்போது வந்து சேரும்.

தபாலில் வரும் இன்னொரு வகைக் கடிதம் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அரசு முத்திரை போலவே ஒரு முத்திரை, மேலே உங்கள் மனை எண், கீழே "இந்தத் தேதிக்குள் கட்டணம் செலுத்தி வரிக் குறைப்புக்குப் பதிவு செய்க" என்ற வாசகம். மதிப்பீட்டாளர் அலுவலகம் மறுபரிசீலனைக்குக் காசு கேட்பதே இல்லை. பணம் கேட்கும் கடிதம் எதுவாக இருந்தாலும் அது தனியார் கடிதம். அவர்கள் செய்யப் போவது மேலே சொன்ன அதே படிவத்தை நிரப்பி அனுப்புவதுதான். பல சமயம் அந்த மூன்று வீட்டு அட்டவணைகூட இருக்காது.

கவுண்டிகளிடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை உண்டு. குறைத்த வீடுகளை ஆண்டுதோறும் மறுமதிப்பிட வேண்டும் என்று சொல்லும் அதே சட்டப் பிரிவு, எல்லா வீடுகளையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் சொல்கிறது. ஆகவே ஏற்றுவதற்குக் கடமை இருக்கிறது. முதல் முறை இறக்குவதற்கு வீட்டுக்காரர் கேட்க வேண்டியிருக்கிறது. விலை சரிந்த ஆண்டுகளில் சில மதிப்பீட்டாளர்கள் அண்மையில் விற்ற வீடுகளைத் தாங்களாகவே எடுத்துப் பார்த்துக் குறைத்ததும் உண்டு. அதை எல்லாக் கவுண்டிகளும் வழக்கமாக்க வேண்டும். கைமாறிய தேதியும் விலையும் அவர்கள் பதிவேட்டிலேயே இருக்கும்போது, கடந்த நான்கைந்து ஆண்டுகளில் விற்ற வீடுகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்ப்பது பெரிய வேலை அல்ல. குறைக்க மறுத்தால் எந்த மூன்று விற்பனைகளை வைத்து மறுத்தார்கள் என்பதையும் பதிலிலேயே அச்சிட வேண்டும். "பரிசீலித்தோம், மாற்றம் இல்லை" என்ற இரண்டு வரிப் பதிலை வைத்து ஒரு வீட்டுக்காரர் மேல்முறையீடு செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாது. பள்ளிகளுக்கும் நகராட்சிக்கும் இந்த வரிதான் உயிர் என்பதை அறிவோம். அதற்காக இல்லாத மதிப்புக்கு வரி வாங்குவது சரியாகாது. அந்தச் சுமை சேமிப்பையெல்லாம் முன்பணமாகக் கொடுத்துவிட்டு நிற்கும் புதுக் குடும்பங்களின் மேல்தான் விழுகிறது, முப்பது ஆண்டாக இருப்பவர்களின் மேல் அல்ல.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய சிறு வேலை ஒன்றும் இருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பில் 7,000 டாலர் விலக்கு உண்டு. ஆண்டுக்குச் சுமார் 70 டாலர் குறையும். ஒருமுறை மனு கொடுத்தால் அந்த வீட்டில் இருக்கும் வரை தொடரும். முழு விலக்கும் கிடைக்க பிப்ரவரி 15க்குள் கொடுக்க வேண்டும். வாங்கி ஐந்தாறு ஆண்டாகியும் இதைக் கொடுக்காதவர்கள் இருக்கிறார்கள். பில்லில் விலக்கு என்ற இடத்துக்கு எதிரே 7,000 இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
சொத்து மதிப்பீட்டு மேல்முறையீடுகளில் உதவும் வாசகர்கள் சிலர்,
ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா